தண்ணி வந்த மறுநாள் மக்கர் பண்ணும் மாஸி

பழைய டிராக்டருக்கு ஒரு குணம் உண்டு. பங்குனி, சித்திரை பூரா கொட்டகையில சும்மா நிக்கும். ஆத்துல தண்ணி வந்த மறுநாள் பாத்து மக்கர் பண்ணும். வண்டிக்கு மனசு இருக்குன்னு கதை விடல. ரெண்டு மாசம் நின்ன வண்டியில பேட்டரி இறங்கியிருக்கும், டீசல் பைப்புல காத்து ஏறியிருக்கும், எலி ஏதாவது ஒரு ஒயரைக் கடிச்சிருக்கும். நமக்கு அவசரம் வர்ற அன்னிக்குத்தான் அது எல்லாம் வெளியில தெரியுது.

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். வழக்கம்தானே தவிர உத்தரவாதம் இல்லை. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்கவே இல்லை. 2020-ல் திறந்தார்கள். 2022-ல் மே 24-ம் தேதியே தண்ணீர் விட்டார்கள், 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. ஆக, தண்ணி வந்துட்டா ஒரு நாள்கூட வீணாக்க முடியாது. எல்லாருக்கும் ஒரே வாரத்தில் உழவு, ஊர்ல இருக்கிற வண்டியோ விரல் விட்டு எண்ணலாம். அந்த வாரத்தில் சாவியைத் திருப்பி "டக்"னு ஒரு சத்தம் மட்டும் வந்தா எப்படி இருக்கும்னு நகரத்தில் இருக்கிற நண்பர்கள் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

"இன்னும் ஏன் அந்தப் பழசை வெச்சுக்கிட்டு மல்லுக்கட்டுறீங்க, புதுசு வாங்க வேண்டியதுதானே?" என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. பதில் கொஞ்சம் சுத்தி வரும். எங்க மண்ணு, மாடு, அயர்லாந்து, சென்னை செம்பியம், அப்புறம் ஒரு போலீஸ் வீடியோ வரைக்கும் போகணும்.

முதல்ல மண்ணு. தஞ்சாவூர்னாலே களிமண், முழங்கால் சேறுன்னு நினைப்பீங்க. அது பழைய டெல்டா. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் புது டெல்டா. 1934-ல் மேட்டூர் அணை முடிஞ்சப்போ, அதோட சேர்ந்த திட்டமாக வெட்டினதுதான் கல்லணைக் கால்வாய். நாங்க புது ஆறுன்னு சொல்லுவோம், வயசு தொண்ணூறு ஆனாலும் அது எங்களுக்குப் புது ஆறுதான். அதுக்கு முன்னாடி இங்க ஏரிப் பாசனமும் மானாவாரியும். சரபோஜி மன்னர் இங்கே சத்திரம் கட்டினது ராமேஸ்வரம் போற யாத்திரைக்காரர்களுக்காக. நெல் விளையிற ஊருன்னு கட்டல. மண்ணும் அப்படித்தான். மணல் கலந்த செம்மண், சில இடத்தில் கப்பி. தண்ணி கட்டினாலும் கிழக்கே மாதிரி ஆளை உள்ள இழுக்காது. இதைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. திருவாரூர் பக்கத்துக் களிமண்ணுல டிராக்டரை இறக்கினா அச்சு வரைக்கும் புதைஞ்சுடும்னு பயந்து நின்ன காலத்துல, இந்தப் பக்கத்து மண்ணு வண்டியைத் தாங்குச்சு.

அந்தக் களிமண்ணுக்குன்னே ஒரு மாடு இருந்தது: உம்பளாச்சேரி. கால் குட்டை, குளம்பு கெட்டி, சேத்துல நடக்கப் பிறந்த மாடு. கன்னுலயே கொம்பைச் சுட்டு விடுவாங்க. ஒரு ஜோடி உழவு மாடு விடியக்காலம் தொடங்கி வெயில் ஏறுற வரைக்கும் உழுதா ஒரு மா நிலம் தேறினாலே பெரிசு. மூணு மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலின்னு வெச்சுக்குங்க. வேலிக் கணக்கில் நிலம் வெச்சிருந்த பண்ணையில எத்தனை ஜோடி மாடு, எத்தனை ஏராள் வேணும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

மாடு போதாமப் போனது 1960-களில். நாட்டிலேயே முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் ஒன்றாகத் தஞ்சாவூரைச் சேர்த்து, போர்டு அறக்கட்டளை உதவியோட 1960-61-ல் பேக்கேஜ் திட்டம் வந்தது. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாத்தையும் ஒரே பொட்டலமாக் குடுக்கிறதுன்னு ஏற்பாடு. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. ஜப்பான் ரகத்தையும் நம்ம ரகத்தையும் சேர்த்து எடுத்த குறுகிய கால நெல். குறுவைக்கு இது பொருந்தினதும் குறுவை, தாளடின்னு ரெண்டு போகம் பரவிச்சு. இங்கதான் சிக்கல். குறுவையை அறுத்துட்டு தாளடி நடுறதுக்கு நடுவுல கிடைக்கிறது சில வாரம்தான், அதுவும் ஐப்பசி மழை தலைக்கு மேல நிக்கிற நேரம். மாட்டை வெச்சு அந்த ஓட்டம் ஓட முடியாது. டிராக்டரைத் தஞ்சாவூருக்குள்ள கூட்டிட்டு வந்தது ஆடம்பரம் இல்லை, அந்த நாலைஞ்சு வார இடைவெளிதான்னு நான் நினைக்கிறேன்.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு, சொல்லாம விட முடியாது. வண்டி வந்த அதே பத்து வருஷம்தான் கிழக்குத் தஞ்சையில கூலிப் போராட்டம் உச்சத்துல இருந்த காலம். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தும் பண்ணையாள் வாழ்க்கை பெரிசா மாறல. 1968 டிசம்பர் 25 அன்னிக்கு கீழவெண்மணியில 44 பேரைக் குடிசைக்குள்ள வெச்சுக் கொளுத்தினாங்க. அங்கே பிரச்சினை கூலி, டிராக்டர் இல்லை. ஆனா கூலி கேக்காத, சங்கம் சேராத ஒரு ஏராளாகத்தான் பல மிராசுதாருங்க அந்த வண்டியைப் பாத்தாங்க. எங்க பக்கத்துல வயசான ஏராளுங்க சிலர், "அது வந்துதான் எங்க கலப்பை பரணுக்குப் போச்சு"ன்னு சொல்றதை நானே கேட்டிருக்கேன். அவங்க பேரப்பிள்ளைங்கள்ல ஒருத்தர் இன்னிக்கு ஊர்லயே நல்ல டிரைவர். ரெண்டும் நிஜம்.

சரி, அந்த வண்டி எங்கேர்ந்து வந்தது?

முதல் உலகப்போர் சமயத்தில், 1917-ல், அமெரிக்காவில் ஹென்றி போர்டு 'போர்ட்சன்' டிராக்டரை மொத்தமா அடிச்சு இறக்கினார். மண்ணெண்ணெயில் ஓடும், முன்னாடி கம்பி போட்டுக் கையால சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ணணும். சுத்தும்போது இன்ஜின் எதிர்ப்பக்கமா உதைச்சா மணிக்கட்டு போயிடும். கட்டைவிரலை மடக்கிக் கம்பியைப் பிடிக்காதேன்னு பழைய லாரி டிரைவர்கள் சொல்ற பாடம் அந்தக் காலத்துது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருந்தது. கலப்பை ஒரு கல்லுலயோ வேர்லயோ மாட்டினா வண்டி நிக்காது. பின்சக்கரத்தையே அச்சாக்கி முன்பக்கம் தூக்கி, ஓட்டுறவர் மேலயே மல்லாக்க விழும். நிறையப் பேர் செத்தாங்க.

இதுக்கு வழி கண்டுபிடிச்சவர் அயர்லாந்துக்காரர், ஹாரி பெர்குசன், ஒரு விவசாயி மகன். கலப்பையைச் சங்கிலி போட்டு இழுக்காம, கீழே ரெண்டு கை, மேலே ஒரு கைன்னு மூணு இடத்துல வண்டியோட உடம்பாவே சேத்தார். கலப்பை தடுக்கினா அந்த மேல் கை வண்டியோட முன்பக்கத்தைக் கீழ அமுக்கும், தூக்க விடாது. ஹைட்ராலிக் கலப்பையை ஏத்தி இறக்கும். இன்னிக்கு நீங்க எந்தக் கம்பெனி டிராக்டரைப் பாத்தாலும் பின்னாடி இருக்கிற டாப் லிங்க், லோயர் லிங்க் அவர் யோசனைதான். 1938-ல் போர்டும் அவரும் காகிதம் எதுவும் எழுதாம கை குலுக்கி ஒப்பந்தம் போட்டாங்க. போர்டு குடும்பத்தில் அடுத்த தலைமுறை வந்ததும் அது முறிஞ்சு கோர்ட்டுக்குப் போச்சு. 1952-ல் பெர்குசனுக்கு 92.5 லட்சம் டாலர் குடுத்துத்தான் தீர்ந்தது. வாய் வார்த்தையில குத்தகை விடுற ஊர்ல இருந்துக்கிட்டு இதைப் படிச்சப்போ சிரிப்பு வந்தது.

1946-லிருந்து இங்கிலாந்தில் கவென்ட்ரியில் பெர்குசனோட சாம்பல் நிற டிராக்டர் வந்தது. அஞ்சு லட்சத்துக்கு மேல செஞ்சாங்க. எட்மண்ட் ஹிலாரி எவரெஸ்ட் ஏறினது எல்லாருக்கும் தெரியும். 1958 ஜனவரி 4-ல் அவர் தென்துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தது இந்த டிராக்டர்லதான். அதுக்கு முன்னாடியே, 1953-ல், பெர்குசன் தன் தொழிலை மாஸி-ஹாரிஸ் கம்பெனியோட இணைச்சுட்டார். அப்படித்தான் மாஸி பெர்குசன்னு பேர் வந்தது.

ஸ்டார்ட் ஆகாத கதைக்கு இங்கே ஒரு முக்கியமான இடம் உண்டு. சாம்பல் வண்டிக்கு அடுத்து வந்த மாஸி 35-ல், டீசல் ரகத்துக்கு ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் நாலு சிலிண்டர் இன்ஜினைப் போட்டாங்க. வண்டலூர்ல ஹெரால்டு கார் செஞ்சாங்களே, அந்த ஸ்டாண்டர்டோட தாய்க் கம்பெனி. குளிர்காலக் காலையில அந்த இன்ஜின் எடுக்கவே எடுக்காது. இங்கிலாந்து விவசாயிகள்கிட்ட அது வாங்கின கெட்ட பேர் இன்னிக்கு வரைக்கும் போகல. 1959 வாக்கில் அதைத் தூக்கிப் போட்டுட்டு, பெர்கின்ஸ் கம்பெனியின் மூணு சிலிண்டர் இன்ஜினை வெச்சாங்க. அது பிரச்சினையைத் தீர்த்தது.

சென்னையில ஏற்கெனவே பெர்கின்ஸ் இன்ஜின் செய்துக்கிட்டிருந்தது சிம்சன் கம்பெனி. 1840-ல் குதிரை வண்டி செய்ய ஆரம்பிச்ச கம்பெனி அது. ஆழ்வார்குறிச்சிக்காரரான எஸ். அனந்தராமகிருஷ்ணன் அதை அமால்கமேஷன்ஸ் குழுமமா வளர்த்தெடுத்தார். 1960-ல் மாஸி பெர்குசனோட சேர்ந்து டாஃபே ஆரம்பிச்சது. செம்பியத்தில் டிராக்டர் தயாரிப்பு. அதே 1960 அக்டோபர்ல ஹாரி பெர்குசன் இறந்துபோனார். ஸ்டார்ட் ஆகாத இன்ஜின் கழிஞ்சு, ஸ்டார்ட் ஆகிற இன்ஜின் வந்தபிறகுதான் நம்ம ஊருக்கு வண்டி வந்ததுன்னு வெச்சுக்கலாம். வடக்கே ஐஷர், எஸ்கார்ட்ஸ், மகிந்திரா எல்லாம் ஏறக்குறைய அதே சமயத்துல முளைச்சதுதான். ஆனாலும் வண்டி கிடைக்கிறது லேசு இல்லை. 1971-ல் டிராக்டர் விநியோகத்துக்கே மத்திய அரசு கட்டுப்பாட்டு ஆணை போடுற அளவுக்குத் தட்டுப்பாடு. பதிவு பண்ணிட்டுக் காத்துக் கிடந்தாங்க.

எங்க வீட்டுல நிக்கிறது அந்த வம்சத்துல பின்னாடி வந்த ஒரு 1035. மூணு சிலிண்டர், சிம்சன் இன்ஜின், அப்பா ரெண்டாம் கையாக வாங்கினது.

இனி மக்கர் விஷயம். டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்போட அடிப்பக்கம் சுடுமே, அதேதான். காத்தை இறுக்கி அமுக்கினா சூடாகும். அந்தச் சூட்டுல டீசலைப் பீச்சினா பத்திக்கும். ருடால்ப் டீசல் 1890-களில் செஞ்சு காட்டினது இதைத்தான். ஆக மூணே விஷயம்: இன்ஜின் வேகமாச் சுத்தணும், காத்து இறுகணும், காத்துக் கலக்காத டீசல் வரணும். இந்த மூணுல எது இல்லைன்னு கண்டுபிடிக்கிறதுதான் மொத்த வித்தையும்.

சாவியைத் திருப்பினா சத்தமே இல்லை, இல்லாட்டி "டக்" மட்டும் வருதுன்னா இன்ஜினைத் திட்டக் கூடாது. பேட்டரி டெர்மினல்ல வெள்ளையும் பச்சையுமா உப்புப் பூத்திருக்கும். சுடுதண்ணி ஊத்திச் சுரண்டிட்டு இறுக்கினாலே பாதி வண்டி எடுத்துடும். சேஸுக்குப் போற எர்த் ஒயரையும் பாக்கணும், அதைத்தான் எல்லாரும் மறப்பாங்க.

செல்ஃப் நல்லாச் சுத்துது, ஆனா வண்டி எடுக்கலைன்னா, சைலன்சரைப் பாருங்க. வெள்ளைப் புகை வந்தா டீசல் உள்ள போகுது, எரியல. சுத்துற வேகமோ காத்து இறுக்கமோ பத்தல. புகையே இல்லைன்னா டீசலே போகல. அப்படின்னா முதல்ல ஸ்டாப் கேபிளைப் பாக்கணும். வண்டியை நிறுத்த இழுக்கிற அந்தக் குமிழ் துருப்பிடிச்சு இழுத்த நிலையிலேயே மாட்டிக்கிட்டா, பம்பு டீசலை விடவே விடாது. ரெண்டாயிரம் ரூபா குடுத்து மெக்கானிக்கைக் கூட்டியாந்து, அவர் வந்து அந்தக் குமிழை உள்ள தள்ளிட்டுப் போன கதை ஒவ்வொரு ஊர்லயும் உண்டு.

அடுத்தது ஏர் லாக். டேங்க் காலியாகுற வரைக்கும் யாராவது ஓட்டிட்டா, இல்ல பில்டர் மாத்தினா, இல்ல ஒரு வாஷர் நைஞ்சா, பைப்புக்குள்ள காத்து ஏறிடும். காத்து அமுங்கும், டீசல் அமுங்காது. பம்பு எவ்வளவு தள்ளினாலும் அந்தக் காத்துக்குமிழி ஸ்பிரிங் மாதிரி அமுங்கி அமுங்கி வரும், இன்ஜெக்டர் திறக்காது. டேங்கிலிருந்து ஆரம்பிச்சு வரிசையா வரணும். பீட் பம்போட சின்ன நாக்கைக் கையால அடிச்சுக்கிட்டே, பில்டர் மேல இருக்கிற போல்ட்டைத் தளர்த்தணும். முதல்ல நுரையா வரும், சோடா மாதிரி. குமிழி நின்னு கனமா டீசல் வந்ததும் இறுக்கிடணும். அப்புறம் பம்பு மேல இருக்கிற திருகு. கடைசியா இன்ஜெக்டர் பைப்பு நட்டை ஒவ்வொண்ணாத் தளர்த்தி வெச்சுட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லணும். மூணாவது நட்டை இறுக்கிறதுக்குள்ளயே ரெண்டு சிலிண்டர்ல "தட தட"ன்னு எடுத்துடும். அந்தச் சத்தத்துக்கு இணையா எனக்கு வேற எந்தச் சங்கீதமும் தெரியாது. கையை மட்டும் பைப்பு வாய்க்கு நேரா நீட்டாதீங்க, அந்த அழுத்தத்துல டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும்.

எடுத்து பத்து நிமிஷம் ஓடிட்டு நிக்குதுன்னா டேங்க் மூடியைப் பாருங்க. அதுல காத்துப் போற சின்ன ஓட்டையைக் குளவி மண்ணு வெச்சு அடைச்சிருக்கும். இது எந்தக் கம்பெனிப் புத்தகத்துலயும் இருக்குமான்னு தெரியல, எங்க கொட்டகையில வருஷா வருஷம் உண்டு.

இங்கே ஒண்ணு கண்டிப்பாச் சொல்லணும். சாம்பல் பெர்குசன்ல தனியா ஸ்டார்ட்டர் பொத்தான் கிடையாது. கியர் கம்பியையே 'எஸ்' என்ற இடத்துக்குத் தள்ளினாத்தான் இன்ஜின் சுத்தும். அதாவது வண்டி கியர்ல இருக்கும்போது ஸ்டார்ட் ஆகவே முடியாது. டிராக்டர் மல்லாந்து ஆள் செத்ததைப் பாத்த மனுஷன் யோசிச்சுப் பண்ணின ஏற்பாடு. பின்னாடி வந்த மாஸியில அது ஒரு சின்ன சேஃப்டி சுவிட்சாச்சு. கியர் நியூட்ரல்ல இல்லைன்னா செல்ஃப் அடிக்காது. அந்த சுவிட்ச் பழுதானா நம்ம ஊர்ல என்ன செய்யிறாங்க? ரெண்டு ஒயரையும் முறுக்கி "டைரக்ட்" பண்ணிடுறாங்க. இன்னும் சிலர் கீழயே நின்னுக்கிட்டு, பெரிய பின்சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவுல தலையை விட்டு, ஸ்டார்ட்டர் மோட்டார்ல ஸ்க்ரூடிரைவரை வெச்சுப் பொறி பறக்க ஸ்டார்ட் பண்றாங்க. வண்டி கியர்ல இருந்தா இன்ஜின் எடுத்த அதே நொடி சக்கரம் உருளும். நிக்கிற ஆளு சக்கரத்துக்கு நேர் முன்னாடி. டீசல் வண்டி இருமிட்டு நிக்காது, ஏறிட்டுத்தான் போகும். உலகம் பூரா டிராக்டர் விபத்துச் சாவுல இது தெரிஞ்ச ஒரு வகை. என் வண்டியை ஓட்டுற தம்பிகிட்ட நான் போட்டிருக்கிற ஒரே சட்டம் இதுதான்: சீட்டுல உக்காராம சாவியைத் தொடாதே. அந்த சுவிட்ச் போனப்ப ஒரு நாள் உழவு போனாலும் பரவாயில்லைன்னு தஞ்சாவூர் போய் வாங்கியாந்து மாட்டினோம். பக்கத்து வயல்காரர் மாமா சிரிச்சார். சிரிச்சுட்டுப் போகட்டும்.

இப்ப அந்தப் பழைய கேள்வி. ஏன் புதுசு வாங்கலை?

இதே குதிரைத்திறன்ல புது வண்டி ஆறு, ஏழு லட்சம். அதுல பெரும்பங்கு கடன். அந்தக் காலத்துல நிலவள வங்கி, 1969-ல் வங்கிகள் தேசியமயமானதும் அரசு வங்கி, இப்ப தனியார் நிதி நிறுவனங்கள். கடன் கொடுக்கிற கை மாறிச்சு, தவணை மட்டும் மாறல. தண்ணி எப்ப வரும்னு தெரியாது, தவணை எப்ப வரும்னு தெரியும். 2016 மார்ச்சில் ஒரத்தநாட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில், டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியை அறுவடை வயல்லயே போலீஸ் அடிச்சு இழுத்துட்டுப் போன வீடியோவை நீங்க எல்லாரும் பாத்திருப்பீங்க. வாங்கின கடன்ல பெரும்பகுதியைக் கட்டிட்டேன்னு அவர் சொன்னார். நாடு பூரா பேசிச்சு, பிறகு மறந்துடுச்சு. நாங்க மறக்கல. அந்த வயல் வழியாப் போறவங்க நாங்க. 2018 நவம்பர் 16 அன்னிக்கு கஜா புயல் அடிச்சு இந்தப் பக்கத்துத் தென்னை எல்லாம் சாஞ்சப்போ, தேங்காய் வருமானத்தை நம்பித் தவணை போட்டிருந்தவங்க முகத்தையும் பாத்திருக்கேன்.

எங்க 1035 யாருக்கும் ஒரு பைசா பாக்கி இல்லாத வண்டி. நடுராத்திரி யாரும் வந்து சாவியைக் கேக்க முடியாது. ஜூன் மாசம் நாலு மணி நேரம் மக்கர் பண்ணும், அவ்வளவுதான். 2023 ஜனவரியிலிருந்து 50 குதிரைத்திறனுக்கு மேல உள்ள புது டிராக்டருக்குப் புகைக் கட்டுப்பாடு இறுகிடுச்சு, இன்ஜினுக்குள்ள கம்ப்யூட்டர் வந்தாச்சு. நல்லதுதான், அந்தக் கரும்புகையை முகர்ந்தவன் நான். ஆனா அது நின்னா லேப்டாப்போட ஒருத்தர் வரணும். இதுக்கு நானும் டிரைவர் தம்பியும் போதும். ரோட்டாவேட்டர் போட்டு ஆழமா அடிக்க இதால முடியாது, ஒத்துக்கிறேன். அதுக்கு வாடகை வண்டிதான் கூப்பிடுறோம். கேஜ் வீல் மாட்டி ரெண்டு சால் சேத்துழவு, பரம்பு, டிரெய்லர்ல உரமூட்டை, கதிர்க்கட்டு, இதுக்கெல்லாம் இன்னும் கிழவன் தெம்பாத்தான் இருக்கான்.

பெர்குசன் தன் சாம்பல் வண்டியோட ஒரு ஸ்பேனரும் குடுத்தார். வண்டியிலும் கலப்பையிலும் விவசாயி தொட வேண்டிய நட்டுகள்ல பெரும்பாலானதை அந்த ஒண்ணாலேயே திருகலாம். அதும்மேலயே இஞ்ச் கோடு போட்டிருக்கும், கலப்பை இடைவெளியை அளந்துக்கலாம். எங்க வண்டியிலயும் நட்டெல்லாம் இஞ்ச் அளவுதான். இப்ப கடையில கிடைக்கிற மில்லிமீட்டர் ஸ்பேனர் சரியா உக்காராது, நட்டு முனையை மழுக்கிடும். அப்பா வாங்கி வெச்ச இஞ்ச் செட்டு ஒண்ணு டூல் பாக்ஸ்ல துணி சுத்திக் கிடக்கு. உழவு மாசத்துல பங்காளி கேட்டாலும் சரி, மச்சான் கேட்டாலும் சரி, அதை மட்டும் இரவல் குடுக்கிறதில்லை.